கீழே விழ ஒரு நொடி, நுரையீரல் இறுக இருபது ஆண்டு

பத்து மீட்டர் உயரச் சாரத்தில் நிற்பவரின் கால் தவறினால், அவர் தரையைத் தொட ஏறத்தாழ 1.4 நொடி ஆகும். மூன்று மீட்டர் உயரம் என்றால் 0.8 நொடிதான். அதற்குள்ளேயே உடல் மணிக்கு 27 கிலோமீட்டர் வேகத்தை எட்டிவிடும். பள்ளிக்கூட இயற்பியல்தான், இதில் விவாதிக்க ஒன்றுமில்லை. இடுப்பில் மாட்டிய உணரி அவர் விழுவதைக் கண்டுகொண்டு, செய்தி அனுப்பி, அலுவலகத் திரையில் சிவப்பு விளக்கை எரியவிட இரண்டே நொடி ஆகிறது என்று வைத்துக்கொண்டாலும், விளக்கு எரியும்போது அவர் தரையில் கிடப்பார்.

அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இன்னொருவர் கான்கிரீட்டைத் தண்ணீர் விடாமல் அறுத்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு வலி இல்லை, இரத்தம் இல்லை. மாலையில் முகம் கழுவினால் தூசி போய்விட்டதாகவே தோன்றும். மணலிலும் கல்லிலும் உள்ள சிலிக்கா என்ற கனிமத்தின் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் மட்டும் நுரையீரலின் ஆழத்தில் தங்கி, பத்து, இருபது ஆண்டுகளில் அதை நாராக இறுக்கும். இவரைக் காப்பாற்ற நினைக்கும் கருவிக்கு நேரம் தாராளமாக இருக்கிறது. ஆனால் அவரைப் பற்றிய அவசரம் எவருக்கும் இல்லை.

கட்டுமானப் பாதுகாப்புக்கென்று இன்று விற்கப்படும் எண்ணிமக் கருவிகளுக்குக் கணக்கே இல்லை. தலைக்கவசத்தைத் தேடும் கேமராக்கள், நாடித்துடிப்பு பார்க்கும் கைப்பட்டைகள், ட்ரோன்கள், முப்பரிமாண மாதிரிகள், மெய்நிகர் பயிற்சிகள் என்று பட்டியல் நீளும். அவற்றை எடைபோட ஒரு கேள்வி போதும் என்பது என் கருத்து: ஆபத்துக்கும் அடிபடுவதற்கும் நடுவே இந்தக் கருவிக்குக் கிடைக்கும் நேரம் எவ்வளவு? வேலை தொடங்குவதற்கு முன்பு மாதக்கணக்கில் நேரம் இருக்கிறது. நோய் விஷயத்தில் ஆண்டுக்கணக்கில் இருக்கிறது. விபத்து நடக்கும் அந்தக் கணத்தில் மட்டும் நேரமே இல்லை. வேடிக்கை என்னவென்றால், பணமும் விளம்பரமும் பெரும்பாலும் அந்தக் கணத்தைச் சுற்றியே குவிகின்றன.

இழப்பு எவ்வளவு பெரியது என்பதற்குச் சில எண்கள். உலகக் கட்டுமானத் தளங்களில் ஆண்டுக்குக் குறைந்தது 60,000 பேர் விபத்தில் இறக்கிறார்கள், அதாவது ஏறத்தாழ பத்து நிமிடத்துக்கு ஒருவர் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு பல ஆண்டுகளுக்கு முன்பே மதிப்பிட்டது. அமெரிக்காவில் அண்மை ஆண்டுகளில் கட்டுமானத்தில் மட்டும் ஆண்டுக்கு ஆயிரத்துக்குச் சற்று அதிகமானோர் வேலையில் உயிரிழக்கிறார்கள்; அந்நாட்டில் வேலையின்போது இறப்பவர்களில் ஐவரில் ஒருவர் கட்டுமானத் தொழிலாளி. உயரத்திலிருந்து விழுதல், பொருளோ வாகனமோ மோதுதல், மின்சாரம் தாக்குதல், இடையில் சிக்கி நசுங்குதல் ஆகிய நான்கையும் 'கொல்லும் நான்கு' என்றே அங்கே சொல்கிறார்கள். முதலிடம் எப்போதும் விழுதலுக்குத்தான்.

இவை கண்ணுக்குத் தெரியும் சாவுகள். பிரிட்டனில் ஆண்டுதோறும் கட்டுமான விபத்தில் இறப்பவர்கள் ஐம்பதை ஒட்டியோ அதற்குக் கீழோ இருக்கிறார்கள். அதே துறையில் பழைய ஆஸ்பெஸ்டாஸ், சிலிக்கா போன்றவற்றால் புற்றுநோய் வந்து இறப்பவர்களோ ஆண்டுக்குச் சுமார் 3,500 பேர் என்று அந்நாட்டுப் பாதுகாப்பு ஆணையம் கணக்கிடுகிறது. எழுபது மடங்கு வித்தியாசம். ஆனால் தளத்தின் வாசலில் இருக்கும் பலகை 'விபத்தில்லா நாட்கள்' எத்தனை என்றுதான் காட்டும். 'தூசியில்லா நாட்கள்' என்றொரு பலகையை நான் எங்கும் கண்டதில்லை.

வரைபடத்தில் விழுந்துவிடாதவர்

தட்டையான மொட்டைமாடி ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதன் விளிம்பில் கைப்பிடிச் சுவர் அரை மீட்டர்தான் என்று கட்டடக் கலைஞர் வரைந்திருக்கிறார். கட்டும்போது அங்கே தற்காலிகத் தடுப்பு வேண்டும், பாதுகாப்பு வார் வேண்டும், அதை மாட்டக் கொக்கி வேண்டும், மாட்டியிருக்கிறார்களா என்று பார்க்க ஆள் வேண்டும். கட்டி முடித்த பிறகும், தண்ணீர்த் தொட்டியைப் பழுதுபார்க்க ஏறும் ஒவ்வொருவருக்கும் இத்தனையும் மறுபடி வேண்டும். அதே சுவரை ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமாக வரைந்திருந்தால் சுவரே தடுப்பாகிவிடும். வார், கொக்கி, கண்காணிப்பு எதுவும் வேண்டாம். கணினியில் ஒரு கோட்டை மேலே நகர்த்தும் வேலைதான் அது.

படிக்கட்டும் இப்படித்தான். வேறிடத்தில் வார்த்துக் கொண்டுவரும் முன்வார்ப்புப் படிகளை ஒவ்வொரு தளம் எழும்போதும் உடனுக்குடன் பொருத்திவிட்டால், மாதக்கணக்கில் ஏணியில் ஏறி இறங்கும் நிலை இருக்காது. அமெரிக்காவில் மைக்கேல் பெம் என்ற ஆய்வாளர் 224 கட்டுமான உயிரிழப்புகளை எடுத்து ஆராய்ந்து, அவற்றில் 42 விழுக்காடு வடிவமைப்போடு தொடர்புடையவை என்று 2005இல் எழுதினார். வரைபடம் முடிந்த அன்றே பாதி ஆபத்து முடிவாகிவிடுகிறது என்பதை அனுபவமுள்ள மேஸ்திரிகள் வேறு சொற்களில் நெடுங்காலமாகச் சொல்லிவந்திருக்கிறார்கள்.

கட்டடத் தகவல் மாதிரி, துறையினர் நாவில் 'பிம்', இங்கேதான் உண்மையில் உதவுகிறது. சுவர், தளம், துளை, குழாய் எல்லாம் வெறும் கோடுகளாக இல்லாமல், தாம் என்ன என்று தெரிந்த பொருள்களாகக் கணினியில் இருக்கும். ஆகவே 'தளத்தின் விளிம்பு, கீழே இரண்டு மீட்டருக்கு மேல் வெற்றிடம், தடுப்பு இல்லை' என்று ஒரு விதியை எழுதிவிட்டால், முப்பது மாடிக் கட்டடத்தின் எல்லா விளிம்புகளையும் அது தானே தேடிப் பிடிக்கும். அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் சக் ஈஸ்ட்மன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2010களின் தொடக்கத்தில் இப்படி ஒரு முறையை உருவாக்கிக் காட்டினார்கள். மாதிரியோடு வேலை அட்டவணையையும் இணைத்தால், மூன்றாவது வாரத்தில் ஒன்பதாம் தளத்தில் எந்தத் துளை திறந்திருக்கும், அதன் அருகே யார் வேலை செய்வார்கள் என்பதுகூட முன்னதாகத் தெரியும். துளைக்கு மூடி போடுவது யார் பொறுப்பு என்ற சண்டையை, ஆள் விழுவதற்கு முன்பே, அலுவலகத்தில் வைத்துக்கொள்ளலாம்.

மாதிரியில் இருப்பதும் தளத்தில் இருப்பதும் வேறாகிவிடும் என்பது இதன் பலவீனம். செவ்வாய்க்கிழமை போட்ட தடுப்பைப் புதன்கிழமை செங்கல் ஏற்றுவதற்காக யாரோ கழற்றியிருப்பார். திரும்ப மாட்டியிருக்க மாட்டார். ட்ரோனிலோ லேசர் கருவியிலோ தளத்தை அளந்து மாதிரியோடு ஒப்பிடும் முறை இதற்காகத்தான் வந்தது. இன்னொரு பலவீனம் கணினியில் இல்லை. வடிவமைப்பவர் ஒரு நிறுவனம், கட்டுபவர் இன்னொரு நிறுவனம், விழுபவர் மூன்றாவது ஒருவரின் கூலியாள். சுவரை உயர்த்தும் செலவு ஒருவர் கணக்கில், உயர்த்தாததன் விலை வேறொருவர் உடம்பில். பிரிட்டன் 1994இல் கொண்டுவந்து, 2007, 2015 ஆண்டுகளில் திருத்திய கட்டுமான வடிவமைப்பு, மேலாண்மை விதிகள், வரைபவருக்கும் சட்டப் பொறுப்பைச் சுமத்தின. அப்படிப்பட்ட சட்டம் இல்லாத இடத்தில் விதி தேடும் மென்பொருள் நல்ல மென்பொருளாக மட்டுமே இருக்கும்.

அலறும் கருவிகள்

தளத்தில் நேரடியாகப் பாதுகாக்க முயலும் கருவிகளில் மிகப் பிரபலமானது, கேமராப் படத்தில் தலைக்கவசம் இருக்கிறதா என்று பார்க்கும் செயற்கை நுண்ணறிவு. ஏன் தலைக்கவசம்? கொல்லும் நான்கில் அது எத்தனையைத் தடுக்கும்? பத்து மீட்டரிலிருந்து விழுபவரையோ மண்சரிவில் புதைபவரையோ அது காப்பாற்றாது. அது மஞ்சளாக, உருண்டையாக, படத்தில் எளிதில் அகப்படுவதாக இருக்கிறது. அதனால் அதைத் தேடுகிறார்கள். வேறெங்கோ தொலைத்த சாவியை, வெளிச்சம் இருக்கிறதே என்று தெருவிளக்கின் கீழே தேடியவரின் கதைதான். சாரத்தின் அடிக்கட்டை இளகியிருப்பதைக் கேமரா காண்பது கடினம். தொப்பி இல்லாத தலையைக் காண்பது எளிது. ஒருவர் தொப்பி போடவில்லை என்று நூறு முறை பதிவாகும். சாரத்தைக் கட்டியவருக்கு எத்தனை மணி நேரம் தரப்பட்டது என்பது ஒருமுறையும் பதிவாகாது.

வாகன மோதலைத் தடுக்கும் நெருக்க எச்சரிக்கைக் கருவிகளை நேரக் கணக்கில் வைத்துப் பார்ப்போம். மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் பின்னோக்கி வரும் லாரி நொடிக்கு 2.8 மீட்டர் நகரும். ஒலி கேட்டு ஓட்டுநர் மிதியை அழுத்த ஒன்றரை நொடி என்றால், அதற்குள்ளேயே நான்கு மீட்டருக்கு மேல் போய்விடும். வண்டி நிற்கும் தூரம் தனி. ஐந்து மீட்டரில் எச்சரிப்பது தாமதம். சரி, பதினைந்து மீட்டராக்குவோம். நெருக்கமான தளத்தில் பதினைந்து மீட்டருக்குள் எப்போதும் யாரோ இருப்பார்கள். கருவி நாள் முழுவதும் அலறும். இரண்டாம் நாள் ஓட்டுநர் அதைக் கேட்பதை நிறுத்திவிடுவார், மூன்றாம் நாள் ஒலிபெருக்கியின் மேல் துணி சுற்றியிருக்கும். சாதாரண ஜிபிஎஸ் பல மீட்டர் பிசகும், உயரமான சுவர்களுக்கிடையே இன்னும் பிசகும் என்பதால் ஆள்மீதும் வண்டிமீதும் மாட்டும் அகன்ற அலைவரிசை ரேடியோ வில்லைகளுக்கு மாறியிருக்கிறார்கள். அவற்றின் துல்லியம் சென்டிமீட்டர் கணக்கில். அலறலை அது குறைக்கிறது, உண்மைதான். ஆனால் லாரி போகும் வழியையும் ஆள் நடக்கும் வழியையும் வேலியால் பிரித்துவிட்ட தளத்தில் இந்தக் கருவிக்கு வேலை மிகக் குறைவு.

இந்த வகையில் நம்பத் தகுந்தவை, மனிதரின் முடிவுக்காகக் காத்திராதவை. கிரேனில் பல பத்தாண்டுகளாக இருக்கும் பளுக் கட்டுப்படுத்தி அப்படிப்பட்டது: கை நீளத்துக்கு மீறிய எடையைத் தூக்க முயன்றால் அசைவையே நிறுத்திவிடும். அருகருகே நிற்கும் கோபுரக் கிரேன்களின் கைகள் மோதாமல் தடுக்கும் அமைப்பும் அவ்வாறே. இவற்றைப் பற்றி யாரும் கண்காட்சி நடத்துவதில்லை. ஹாங்காங் அரசு 2023இல் 3 கோடி ஹாங்காங் டாலருக்கு மேற்பட்ட பொதுப்பணி ஒப்பந்தங்களுக்குக் கட்டாயமாக்கிய 'ஸ்மார்ட் தளப் பாதுகாப்பு அமைப்பு' என்ற தொகுப்பில் செயற்கை நுண்ணறிவுக் கேமரா, மெய்நிகர் பயிற்சி எல்லாம் உண்டு. எனக்குப் பிடித்தது அதிலுள்ள மின்னணுப் பூட்டுதான். ஆபத்தான பகுதிக்கான வேலை அனுமதிச்சீட்டு ஒப்புதலாகாவிட்டால் கதவு திறக்காது.

சான்பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலம் 1930களில் கட்டப்பட்டபோது அடியில் ஒரு வலை கட்டினார்கள். தவறி விழுந்த 19 பேரை அது பிடித்துக்கொண்டது. 1937 பிப்ரவரியில் கனத்த சார மேடை ஒன்று அறுந்து வலையையும் கிழித்துக்கொண்டு விழுந்தபோது பத்துப் பேர் இறந்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். தன் தாங்குதிறன் வரைக்கும் வலை வேலை செய்தது. யாருக்கும் செய்தி அனுப்பவில்லை, பிடித்தது. பள்ளம் தோண்டும் வேலையும் இதே வகை. ஒரு கன மீட்டர் மண்ணின் எடை ஒன்றரை டன்னுக்கு மேல். மண்ணின் அசைவை அளக்கும் உணரி சரிவுக்குச் சற்று முன்பு எச்சரிக்கலாம், எச்சரிக்காமலும் போகலாம். பக்கங்களில் எஃகுத் தடுப்பு இறக்கியிருந்தால் அந்தச் சந்தேகமே எழாது.

இப்படித் தடுக்க வழி இல்லையென்றால் ஆளையே ஆபத்தான இடத்திலிருந்து அப்புறப்படுத்த வேண்டும். ஜப்பானின் உன்சென் எரிமலை 1991 ஜூன் 3 அன்று கக்கிய, சாம்பலும் வாயுவும் கலந்த கொதிக்கும் மேகத்தில் 43 பேர் மாண்டார்கள். அதன் பிறகு அங்கே மண்ணை அகற்றித் தடுப்பணை கட்டும் வேலை, தொலைவிலிருந்து இயக்கப்பட்ட ஆளில்லா இயந்திரங்களால் நடந்தது. இன்று கூரையில் துளையிடும் ரோபோக்களும், பாலத் தளத்தில் கம்பி கட்டும் இயந்திரங்களும் சந்தைக்கு வந்துவிட்டன. தலைக்கு மேல் கைகளைத் தூக்கிக்கொண்டு நாள் முழுவதும் துளையிட்டவரின் தோள் என்னவாகும் என்று தெரிந்தவர்கள் இவற்றை வேலையைப் பறிப்பவை என்று மட்டும் பார்க்கமாட்டார்கள்.

மெதுவாகக் கொல்பவை

இனி, நேரம் தாராளமாக உள்ள பக்கம். புலன்களுக்கு எட்டாத ஆபத்துகள் இங்கே இருப்பதால் உணரிக்கு இதுவே இயல்பான களம்.

காற்றில் கலந்திருக்கும் நுண்ணிய சிலிக்காவுக்கு அமெரிக்கா 2016இல் விதித்த வரம்பு, எட்டு மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 50 மைக்ரோகிராம். அதைக் கண்ணால் பார்க்க முடியாது. கண்ணுக்குத் தெரியும் தூசி மேகம் பெரிய துகள்களால் ஆனது. முன்பு ஒருவரின் சட்டைக் கழுத்தில் வடிகட்டியை மாட்டி, நாள் முழுவதும் காற்றை உறிஞ்சி, ஆய்வகத்துக்கு அனுப்பி, சில வாரங்கள் கழித்து ஒரே ஒரு எண்ணைப் பெறுவார்கள். அந்த எண்ணை வைத்துக்கொண்டு எதையும் மாற்ற முடியாது. எந்த நிமிடத்தில், என்ன செய்தபோது தூசி ஏறியது என்று அதில் இருக்காது. அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார ஆய்வு நிறுவனம் சுரங்கத் தொழிலாளர்களுக்காக ஒரு முறையைக் கண்டுபிடித்தது: தலைக்கவசத்தில் சிறு கேமரா, முதுகில் உடனுக்குடன் தூசி அளக்கும் கருவி, மாலையில் காணொளியையும் வரைகோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிடுவது. தூசி படிந்த இருக்கையில் உட்காரும்போது, உடைகளை உதறும்போது கோடு செங்குத்தாக எழுவதைத் தொழிலாளியே பார்க்கிறார். அறுக்கும் இடத்தில் தண்ணீர்க் குழாய் இணைத்த பிறகு அது படுத்துவிடுவதையும் பார்க்கிறார். இதில் கருவி செய்தது கண்டிப்பது அல்ல, காட்டுவது. தீர்வு வந்தது ஒரு குழாயிலிருந்து.

இரைச்சலிலும் காது நம்மை ஏமாற்றும். அதே நிறுவனத்தின் பரிந்துரை 85 டெசிபலில் எட்டு மணி நேரம். மூன்று டெசிபல் கூடக்கூட நேரம் பாதியாகும். 100 டெசிபலில் பதினைந்து நிமிடம்தான். கான்கிரீட் உடைக்கும் இயந்திரம் அதை எளிதில் தாண்டும். எந்த மனிதருக்கும் 97க்கும் 100க்கும் உள்ள வித்தியாசம் 'இருமடங்கு' என்று தோன்றாது, மீட்டருக்குத் தெரியும். கைகளில் ஏறும் அதிர்வும் இப்படித்தான். விரல்கள் வெளுத்து மரத்துப்போகும்போது சேதம் நிகழ்ந்துவிட்டிருக்கும். இயந்திரம் உண்மையில் எத்தனை நிமிடம் ஓடியது என்று எண்ணிக்கொண்டிருக்கும் சிறு கருவி, அந்த ஆளை இன்னொருவரோடு முறைமாற்ற முன்னரே சொல்லும்.

வெப்பத்தில் வெப்பமானி போதாது. வெயிலில் வேலை செய்பவருக்கான ஈரக்குமிழ்-கோள வெப்பநிலைக் குறியீட்டில், காற்றின் வெப்பநிலைக்குப் பத்தில் ஒரு பங்குதான் எடை; வெயிலின் கதிர்வீச்சுக்கு இரண்டு பங்கு; ஈரப்பதத்தையும் காற்றோட்டத்தையும் காட்டும் ஈரக்குமிழுக்கு ஏழு பங்கு. வியர்வை உலராவிட்டால் உடல் குளிராது என்ற உண்மையின் கணக்கு இது. கத்தார் 2021இல் இந்தக் குறியீடு 32.1 டிகிரியைத் தாண்டினால் வெளிவேலையை நிறுத்த வேண்டும் என்று சட்டமாக்கியது. எண்ணும் அதன் விளைவும் ஒரே வரியில் இருப்பதுதான் அதன் பலம். நிறுத்துவதா வேண்டாமா என்று மேற்பார்வையாளர் யோசிக்க வேண்டியதில்லை. கான்கிரீட் லாரி வந்து நிற்கிறதே என்று தொழிலாளி தயங்க வேண்டியதில்லை.

நொடியில் கொல்பவைக்கும் ஆண்டுக்கணக்கில் கொல்பவைக்கும் நடுவில், நிமிடக் கணக்கில் கொல்லும் இடங்களும் உண்டு: தொட்டி, குழி, பாதாளச் சாக்கடை. உள்ளே மயங்கியவரைத் தூக்க இறங்கியவரும் மயங்குவார். அடைபட்ட இடங்களில் இறப்பவர்களில் 60 விழுக்காட்டுக்கு மேற்பட்டவர்கள் காப்பாற்றப் போனவர்களே என்று மேற்சொன்ன அமெரிக்க நிறுவனம் 1986இல் எச்சரித்தது. ஆக்சிஜன், எரிவாயு, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்ஃபைடு ஆகிய நான்கையும் அளக்கும் கையடக்கக் கருவி உள்ளங்கையளவு. அதைக் கயிற்றில் கட்டி முதலில் இறக்கிவிட்டுத்தான் ஆள் இறங்க வேண்டும். உள்ளிருக்கும் அளவை வெளியே நிற்பவருக்குக் கம்பியில்லாமல் அனுப்பும் வசதி இப்போது உண்டு. விலைக்குத் தகுந்த பலன் தருவதில் இதற்கு இணையான கருவி இந்தத் துறையில் இருக்கிறதா என்பது ஐயம்தான்.

யார் திரையில், யாருக்காக

நாடித்துடிப்பைப் பார்க்கும் கைப்பட்டை வெப்ப மயக்கத்தை முன்கூட்டிச் சொல்லலாம். அதே கைப்பட்டை, இன்னார் விரைவில் களைக்கிறார் என்றும் சொல்லும். அடுத்த வாரம் யாரை வேலைக்கு அழைப்பது என்று முடிவு செய்பவர் இரண்டையும் ஒரே திரையில் பார்த்தால் என்ன ஆகும் என்பதைத் தினக்கூலிக்குப் போகிறவருக்கு விளக்க வேண்டியதில்லை. அவர் பட்டையைத் தளர்த்திவிடுவார், அல்லது சாரத்துக் கம்பியில் மாட்டிவிட்டு வேலை பார்ப்பார். கெட்ட எண்ணத்தால் அல்ல; அது அவருடைய தற்காப்பு.

நூலிழையில் தப்பிய நிகழ்வுகளைப் பதிவு செய்யச் சொல்லும் செல்பேசிச் செயலிகள் இதே முட்டுச்சந்தில்தான் நிற்கின்றன. மேலிருந்து விழுந்த சுத்தியல் ஒருவரின் தோளை உரசிச் சென்றது என்று பதிவு செய்தால், சுத்தியலை விட்டவரின் கூலி வெட்டப்படும் என்றால், யார் பதிவு செய்வார்? பதிவுகள் குறைந்ததும் தளம் பாதுகாப்பாக இருப்பதாகத் திரை பச்சை காட்டும். துணை ஒப்பந்தக்காரர், அவருக்குக் கீழே இன்னொருவர், அவருக்குக் கீழே ஆள் கூட்டி வருபவர் என்று அடுக்கு நீளும்போது, தகவல் மேலே போகிறது; நிறுத்தும் அதிகாரம் கீழே வருவதில்லை.

சிங்கப்பூர் 2024 ஜூன் முதல் 50 லட்சம் சிங்கப்பூர் டாலரோ அதற்கு மேலோ மதிப்புள்ள தளங்களில், ஆபத்தான வேலை நடக்கும் இடங்களுக்குக் காணொளிக் கண்காணிப்பைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் எதிர்த்திசையிலிருந்து வருகிறது: வேலையிடத்தில் ஒருவரின் உணர்ச்சியை ஊகிக்கும் அமைப்புகளை அது 2025 பிப்ரவரியிலிருந்து தடை செய்திருக்கிறது. மருத்துவத்துக்கும் பாதுகாப்புக்கும் மட்டும் விலக்கு. அந்த ஒற்றைச் சொல்லான 'பாதுகாப்பு' எவ்வளவு அகலமான கதவு என்பதை இனிவரும் வழக்குகளில் பார்க்கலாம்.

கான்கிரீட் அறுத்துக்கொண்டிருந்தவரிடம் திரும்பிப் போவோம். அவர் சுவாசித்த தூசியின் அளவு இன்று நொடிக்கு நொடி பதிவாகிறது என்றே வைத்துக்கொள்வோம். ஆறு மாதத்தில் வேலை முடியும். அவர் வேறு தளத்துக்கு, வேறு ஒப்பந்தக்காரரிடம் போவார். அங்கே வேறு நிறுவனத்தின் வேறு மென்பொருள். தொழிலாளி எதிர்கொண்ட நச்சுப் பொருள்களின் அளவுப் பதிவுகளை வேலை கொடுத்தவர் 30 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று அமெரிக்க விதி சொல்கிறது; சிலிக்காவால் நுரையீரல் இறுகும் சிலிக்கோசிஸ் போன்ற தொழில்நோய்கள் தாமதமாகத்தான் தலைகாட்டும். கட்டுமானத்தில் முப்பது ஆண்டு நிலைக்கும் துணை ஒப்பந்தக்காரர்கள் எத்தனை பேர்? ஐம்பத்தைந்து வயதில் மூச்சு வாங்கி மருத்துவர் முன் உட்காரும்போது, தன் இருபத்தைந்தாம் வயதுத் தூசிக் கணக்கை அவர் எந்தக் கதவைத் தட்டிக் கேட்பார் என்பதற்கு, நான் பார்த்த எந்தக் கருவியின் விளக்கக் கையேட்டிலும் பக்கம் ஒதுக்கப்பட்டிருக்கவில்லை.